நையாண்டிச் செய்தி நிகழ்ச்சிகளில் வரும் பேட்டிகள் எவ்வளவு நிஜம்?

கேள்வி இதுதான்: 'த டெய்லி ஷோ' மாதிரியான அமெரிக்க நையாண்டிச் செய்தி நிகழ்ச்சிகளில் ஒரு ஆள் கோட் சூட் போட்டு உட்கார்ந்துகொண்டு, வெளியில் சொல்லவே கூசும் விஷயங்களைச் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அவர் நிஜ ஆளா, காசுக்கு நடிக்க வந்தவரா? நிஜ ஆள்தான் என்றால், எதிரில் இருப்பவன் தன்னை வைத்து விளையாடுகிறான் என்பதுகூடவா தெரியாது?

ஆள் நிஜம். சொன்ன வார்த்தைகளும் பெரும்பாலும் அவர் வாயிலிருந்து வந்தவைதான். பொய் இருந்தால் அது நேரத்தில் இருக்கும். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தது, நடுவில் எத்தனை விநாடி போனது, அந்தப் பதிலைக் கேட்டு நிருபர் திருதிருவென்று விழித்தது அப்போதேயா இல்லை ஒரு மணி நேரம் கழித்தா, தில்லுமுல்லு செய்ய வேண்டுமென்றால் அங்கேதான் செய்ய முடியும். நான் ஒரு செய்திச் சேனலில் சில வருடங்கள் எடிட்டிங்கில் இருந்தவன். இந்த நிகழ்ச்சிகளைப் பார்த்தால் சிரிப்பு வருவதற்கு முன்னால் கட் எங்கே விழுந்திருக்கிறது என்றுதான் கண் போகும். தொழில் வியாதி.

சண்டைக்கே இடமில்லாத இரண்டு வகைகளை முதலில் ஒதுக்கிவிடலாம். ஒன்று, ஸ்டுடியோவில் மேசைக்கு எதிரே உட்கார வைத்துப் பேசுவது. ஜான் ஸ்டூவர்ட் 1999 ஜனவரியில் டெய்லி ஷோவை நடத்த வந்ததிலிருந்து இந்தப் பகுதி வழக்கமான டிவி பேட்டிதான். வருகிறவர் புத்தகமோ படமோ விற்க வருகிறார், அல்லது ஓட்டுக் கேட்க வருகிறார். பார்வையாளர்கள் எதிரிலேயே இருக்கிறார்கள். நேரம் மீறினால் வெட்டுவார்கள், அவ்வளவுதான். 2009 மார்ச்சில் சிஎன்பிசி சேனலின் ஜிம் கிரேமரை உட்கார வைத்து, பங்குச் சந்தை சரிந்த சமயத்தில் உங்கள் சேனல் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஸ்டூவர்ட் பிய்த்து உதறினாரே, அந்தப் பேட்டியை வெட்டாமல் முழுசாக இணையத்திலும் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் ஒளிபரப்பானதோடு வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். இதைவிட யோக்கியமாக ஒரு செய்திச் சேனல் நடந்துகொண்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்று, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு நடிப்பது. 2014 மார்ச்சில் ஒபாமா 'பிட்வீன் டூ ஃபெர்ன்ஸ்' என்ற கிண்டல் பேட்டி நிகழ்ச்சியில் போய் நகைச்சுவை நடிகர் ஸாக் கலிஃபியனாகிஸிடம் அவமானப்படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது அந்த ரகம். வெள்ளை மாளிகைக்கு வேண்டியிருந்தது இளவட்டங்கள் மருத்துவக் காப்பீட்டு இணையதளத்துக்குப் போய்ப் பதிவு செய்வது. அது நடந்தது. இந்தியாவில் சைரஸ் புரோச்சாவின் 'த வீக் தட் வாஸன்ட்' பார்த்தவர்களுக்கு, விருந்தினராக வருவதே வேடம் போட்ட குணால் விஜய்கர்தான் என்று தெரியும். அங்கே யாரும் ஏமாறவில்லை.

மிச்சம் இருப்பதுதான் விஷயம்: நிருபர் என்ற பேரில் ஒரு நகைச்சுவை நடிகர் வெளியூர் போய், ஒரு நிஜ மனிதரை அவருடைய ஆபீஸிலோ ஹோட்டல் அறையிலோ உட்கார வைத்து எடுப்பது.

நிறையப் பேர் நினைக்கிற மாதிரி இதில் நிகழ்ச்சியின் பெயரை மறைப்பதில்லை. தயாரிப்பாளர் போன் செய்து, டெய்லி ஷோவிலிருந்து பேசுகிறோம் என்றுதான் சொல்வார். அந்த ஆளுக்கு அது என்ன நிகழ்ச்சி என்று தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். தெரிந்தவர்களில் பாதிப் பேர் 'நம்மை என்ன செய்துவிடுவான், நாம் பார்க்காத கேமராவா' என்று வருகிறவர்கள். மைக் மாட்டுவதற்கு முன்னால் ஒரு ஒப்பந்தப் படிவம் நீட்டப்படும். எடுத்ததை எப்படி வேண்டுமானாலும் எடிட் செய்துகொள்ளலாம் என்று அதில் இருக்கும். அநேகமாக யாரும் முழுசாகப் படிப்பதில்லை.

அப்புறம் பேட்டி. திரையில் வருவது நாலைந்து நிமிடம், எடுப்பது இரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும். முதல் அரை மணி நேரம் சாதாரணக் கேள்விகள்தான். அந்த ஆள் தன் வழக்கமான உரையை ஒப்பித்துவிடுகிறார். பிறகு அதே கேள்வி வேறு வார்த்தைகளில், மறுபடி, மறுபடியும். ஐந்தாவது தடவை மனிதனுக்கு அலுத்துப்போய் மனசில் இருப்பது அப்படியே வெளியே வரும். இன்னொரு வித்தை மௌனம். பதில் சொல்லி முடித்த பிறகும் நிருபர் ஒன்றும் பேசாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சங்கடத்தை எந்தச் சாதாரண மனிதனாலும் தாங்க முடியாது, எதையாவது சொல்லி நிரப்பப் பார்ப்பான். அந்த 'எதையாவது'தான் ஒளிபரப்பாகும். இது நகைச்சுவைக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை, நல்ல நிருபர்களும் போலீஸ்காரர்களும் காலங்காலமாகச் செய்வதுதான்.

எடிட்டில் என்ன நடக்கும்? பேசுகிறவரின் முகத்தில் ஒரு கேமரா, நிருபரின் முகத்தில் ஒன்று, இரண்டு பேரும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு வைட். சின்ன யூனிட் என்றால் ஒரே கேமராதான், முதலில் பேட்டி முழுவதையும் அவர் பக்கம் எடுத்துவிட்டு, அப்புறம் கேமராவைத் திருப்பி நிருபர் தலையாட்டுவது, விழிப்பது, புருவம் தூக்குவது எல்லாவற்றையும் தனியாக எடுப்பார்கள். சாதாரணச் செய்தியிலேயே உள்ள பழக்கம் இது. அதனால் ஒருவர் அபத்தமாக ஏதோ சொன்னதும் நிருபர் மூன்று விநாடி உறைந்து போகிறாரே, அந்த உறைதல் வேறு எப்போதோ எடுத்ததாக இருக்கலாம். அதில் எனக்குப் புகார் இல்லை, அது நிருபரின் முகம், அவர் நடிகர். புகார் எங்கே வருமென்றால், பதில் சொல்கிறவருடைய பக்கத்தில் கை வைக்கும்போதுதான். வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் தலை குனிந்து யோசித்ததை எடுத்து இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒட்டினால், பதில் தெரியாமல் முழித்தார் என்றாகிவிடும். வாய் திறக்காத மனிதரைக்கூடப் பேச வைத்துவிடலாம், எடிட்டில்.

நீங்களே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கேள்வியும் பதிலும் கட் இல்லாமல் ஒரே வைட் ஷாட்டில் வந்தால் கவலையே வேண்டாம், நடந்தது அதுதான். பதிலின் நடுவில் சடாரென்று நிருபர் முகத்துக்கோ கை விரல்களுக்கோ போய்த் திரும்பி வந்தால், அங்கே வாக்கியம் வெட்டப்பட்டிருக்கிறது. கேள்வி குரலாக மட்டும் கேட்டு, அந்த நேரத்தில் நிருபரின் உதடு தெரியாமல் இருந்தால் இன்னும் உன்னிப்பாகப் பார்க்கலாம். மேசை மேல் தண்ணீர் கிளாஸ் இருந்தால் அது ஒரு கடிகாரம் மாதிரி. கேள்வி வரும்போது நிறைய இருந்த தண்ணீர் பதிலில் பாதியாகி அடுத்த கேள்வியில் மறுபடி நிறைந்திருந்தால் என்ன அர்த்தம்? ஜன்னல் வெளிச்சமும் அப்படியே, சட்டைக் காலரும் அப்படியே. ஆனால் ஒன்று, வெட்டு இருப்பதே மோசடி ஆகிவிடாது. இரண்டு மணி நேரத்தை ஐந்து நிமிடமாக்க வெட்டாமல் முடியாது. வெட்டியதில் அர்த்தம் மாறியதா என்பதுதான் கேள்வி.

இதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல உதாரணம் ஒரே மனிதரைச் சுற்றி நடந்தது. விர்ஜீனியாவில் துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் அமைப்பு ஒன்று இருக்கிறது, விர்ஜீனியா சிட்டிசன்ஸ் டிஃபென்ஸ் லீக். அதன் தலைவர் ஃபிலிப் வான் கிளீவ். 2013-இல் டெய்லி ஷோவுக்காக ஜான் ஆலிவர் இவரைப் பேட்டி எடுத்தார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டால் ஒரு பயனும் இல்லை என்று இவர் அடித்துச் சொல்ல, ஆலிவர் நேரே ஆஸ்திரேலியா போய், 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு சட்டத்தை இறுக்கி ஆறு லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிய அன்றைய பிரதமர் ஜான் ஹாவர்டையே பிடித்துப் பேச வைத்தார். வான் கிளீவ் பேச்சையும் ஹாவர்ட் பேச்சையும் மாற்றி மாற்றி வெட்டி ஒட்டியதில்தான் சிரிப்பு. வான் கிளீவ் அசடு வழிந்தது நிஜம், ஆனால் அவர் சொல்லாத கருத்தை அவர் தலையில் யாரும் கட்டவில்லை. துப்பாக்கிக் கட்டுப்பாடு கூடாது என்பது அவர் வாழ்நாள் கொள்கை.

அதற்குப் பிறகு அதே அமைப்பின் உறுப்பினர்கள் ஒரு ஆவணப் படத்துக்காக உட்கார்ந்தார்கள். நகைச்சுவை இல்லை, முழுக்க சீரியஸ். கேள்வி கேட்டவர் கேட்டி கூரிக், அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியில் பெரிய பெயர். பின்னணி சோதனையே இல்லை என்றால் குற்றவாளியோ தீவிரவாதியோ துப்பாக்கி வாங்குவதை எப்படித் தடுப்பீர்கள் என்று கேட்டார். படத்தில் அதற்குப் பிறகு எட்டொன்பது விநாடி யாருமே வாய் திறக்கவில்லை, ஒருவர் தலையைக் குனிந்துகொள்கிறார், பதில் இல்லாமல் திணறுகிற கூட்டம் மாதிரி இருந்தது. ஆனால் அந்த அமைப்பினர் தங்கள் பக்கத்தில் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதில் கேள்வி முடிந்த உடனேயே பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். 2016-இல் இது வெளியே வந்து, பார்வையாளர்கள் யோசிக்க ஒரு இடைவெளி கொடுத்தோம் என்று இயக்குநர் ஏதோ சமாளித்தார், கூரிக் அது தவறாக வழிநடத்துகிற எடிட்தான் என்று ஒப்புக்கொண்டு பொறுப்பேற்றார். அந்த அமைப்பு 1.2 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது, கோர்ட்டில் நிற்கவில்லை. ஆக, கிண்டல் நிகழ்ச்சி செய்யாத காரியத்தை கௌரவமான ஆவணப் படம் செய்தது. நையாண்டி என்றாலே எடிட்டில் மோசடி, செய்தி என்றாலே சுத்தம் என்று பிரித்துப் பேசுகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

மூன்றாவது தடவை 2018. நகைச்சுவை நடிகர் சாஷா பாரன் கோஹன் 'ஹூ இஸ் அமெரிக்கா?' நிகழ்ச்சிக்காக, இஸ்ரேலிய பயங்கரவாத எதிர்ப்பு நிபுணர் எர்ரன் மொராட் என்ற வேடத்தில் வந்தார். மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஒரு விளம்பரப் படம், துப்பாக்கிகள் மேல் பொம்மை நாய்க்குட்டியும் இன்னும் என்னென்னவோ ஒட்டியிருக்கும். வான் கிளீவ் அதில் உற்சாகமாகவே நடித்துக் கொடுத்தார். சந்தேகம் இருந்தது, சூழ்ச்சியை அம்பலப்படுத்தத்தான் கூட இருந்தேன் என்று பிறகு சொன்னார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எப்படிப் பார்த்தாலும் இது பேட்டி இல்லை. எதிரில் இருப்பவரின் அடையாளமே பொய், போன காரணமே பொய்.

அதனால் நான் ஒரு பேட்டியை எடை போட ஒரே ஒரு விஷயம் பார்க்கிறேன்: ஒளிபரப்பான மறுநாள் அந்த ஆள் என்ன சொன்னார்?

2013 அக்டோபரில் வட கரோலினாவின் புதிய வாக்காளர் அடையாள அட்டைச் சட்டம் பற்றி டெய்லி ஷோவின் ஆசிஃப் மாண்ட்வி (மும்பையில் பிறந்தவர்) அங்கே பன்கம்ப் மாவட்டத்தில் குடியரசுக் கட்சியின் வட்டாரப் பொறுப்பில் இருந்த டான் யெல்டனைப் பேட்டி எடுத்தார். சட்டம் இனவெறிச் சட்டம் இல்லை என்று ஆரம்பித்த யெல்டன், என் நெருங்கிய நண்பர்களில் ஒருவர் கறுப்பர் என்று போய், கடைசியில் அரசாங்கம் எல்லாம் கொடுக்க வேண்டுமென்று நினைக்கிற சோம்பேறிக் கறுப்பர்களை இந்தச் சட்டம் பாதித்தால் பாதிக்கட்டும் என்ற அளவுக்கு வந்துவிட்டார். ஜனநாயகக் கட்சிக்கு இந்தச் சட்டம் உதை கொடுக்கும் என்றும் சொன்னார், அதாவது எதிர்க்கட்சி வக்கீல்கள் கோர்ட்டில் நிரூபிக்கப் படாதபாடு பட வேண்டிய விஷயத்தைத் தானே முன்வந்து சொன்னார். மாண்ட்வி, நீங்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கிறது, அது தெரியும்தானே என்று கேட்கிறார். மறுநாளே கட்சி அவரிடம் ராஜினாமா வாங்கியது. வெட்டி ஒட்டிவிட்டார்கள் என்று சொல்ல அவருக்கு அருமையான வாய்ப்பு. அவரோ உள்ளூர்ப் பத்திரிகையிடம், சொன்னதைச் சொன்னேன், அதில் நிற்கிறேன் என்றார். இதற்கு மேல் ஒரு பேட்டிக்கு என்ன நற்சான்றிதழ் வேண்டும்? (அந்தச் சட்டத்தை 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்தது என்று சொல்லி ரத்து செய்தது.)

இதற்கு நேர் எதிர்க்கோடி ராபர்ட் வெக்ஸ்லர். அப்போது ஃபுளோரிடா எம்பி, ஜனநாயகக் கட்சி. ஸ்டீபன் கோல்பேர் தன் 'கோல்பேர் ரிப்போர்ட்' நிகழ்ச்சியில் ஒவ்வொரு தொகுதி எம்பியாகப் பிடித்துப் பேட்டி எடுக்கும் ஒரு தொடர் வைத்திருந்தார். 2006-இல் வெக்ஸ்லரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. சரி, எதிரி இருந்திருந்தால் தோற்கடிக்கக்கூடிய ஏதாவது ஒன்றைச் சும்மா சொல்லுங்களேன், எனக்கு கோக்கெய்ன் பிடிக்கும் என்று ஆரம்பியுங்கள் என்று கோல்பேர் எடுத்துக் கொடுத்தார். அவரும் சிரித்துக்கொண்டே, ஏனென்றால் அது ஜாலியான விஷயம் என்று முடித்தார். விளையாட்டு என்று இரண்டு பேருக்கும் தெரியும், பார்த்தவர்களுக்கும் தெரியும். இதை எடுத்து முன்னும் பின்னும் இல்லாமல் போட்டு 'எம்பி என்ன சொன்னார் பாருங்கள்' என்கிற தோரணையில் காட்டியது யார் தெரியுமா, பெரிய நெட்வொர்க்குகளின் காலை நேரச் செய்தி நிகழ்ச்சிகள். கோல்பேர் திரும்ப வந்து அவர்களை வறுத்தெடுத்தார்.

கோல்பேரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். விருந்தினரைக் கேமரா முன் அழைத்துப்போவதற்கு முன்னால் தானே போய்ப் பார்த்து, நான் ஒரு முட்டாள் பாத்திரமாக வருவேன், உங்கள் துறை பற்றி ஒன்றும் தெரியாதவனாகப் பேசுவேன், நீங்கள் நேர்மையாக என் அறியாமையைத் திருத்துங்கள், ஜோக் அடிக்க முயல வேண்டாம் என்று சொல்லிவிடுவாராம். பல பேட்டிகளில் அவரே சொன்னது. அப்படி விதி தெரிந்து விளையாடியும் சிலர் கவிழ்ந்தார்கள். அன்றைய ஜார்ஜியா எம்பி லின் வெஸ்ட்மோர்லண்ட், பத்துக் கட்டளைகளை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்ற மசோதாவுக்குப் பின்னால் நின்றவர். அந்தப் பத்தும் என்னென்ன என்று கேட்டதற்குத் திரையில் மூன்று வந்தது. அவருடைய அலுவலகம், அதைவிட அதிகமாகச் சொன்னார், வெட்டிவிட்டார்கள் என்றது. இருக்கலாம். ஆனால் பத்தும் சொன்னார் என்று அவர்களும் சொல்லவில்லையே.

டெய்லி ஷோ எல்லை தாண்டிய மாதிரி எனக்குத் தோன்றும் இடமும் உண்டு. 2014-இல் வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணியின் அன்றைய பெயர் பூர்வகுடிகளை இழிவுபடுத்துகிறது என்ற சர்ச்சை. அணியின் தீவிர ரசிகர்கள் நான்கு பேரை உட்கார வைத்து, பெயரில் என்ன தப்பு என்று ஜேசன் ஜோன்ஸ் நீண்ட நேரம் பேச வைத்தார். அப்புறம் அறிவிப்பில்லாமல் பூர்வகுடி ஆர்வலர்கள் உள்ளே வந்து எதிரில் நின்றார்கள். ஒரு ரசிகை அழுதுகொண்டே வெளியேறி போலீஸில் புகார் செய்யும் அளவுக்குப் போனது. ஒளிபரப்பியபோது ஸ்டூவர்ட், கலந்துகொண்ட சிலருக்கு இந்த அனுபவம் பிடிக்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டுத்தான் போட்டார். அவர்கள் பேசியதில் மாற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் அவர்கள் அதிகாரத்தில் இருக்கிறவர்கள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்கிற ரசிகர்கள். ஆரம்ப காலத்தில், கிரெய்க் கில்போர்ன் நடத்தியபோது, இந்த நிகழ்ச்சி பறக்கும் தட்டு பார்த்தேன் என்கிற மாதிரி அப்பாவிகளைத் தேடிப்போய்க் கேலி செய்துகொண்டிருந்தது. ஸ்டூவர்ட் வந்துதான் அதை மாற்றி அரசியல்வாதிகள் பக்கமும் ஊடகங்கள் பக்கமும் திருப்பினார். பழைய பழக்கம் அங்கங்கே எட்டிப் பார்க்கும்.

பேட்டி முழுக்க முழுக்க நேர்மையாக இருந்தும் விபரீதமான கதை ஒன்று இருக்கிறது. 2009 ஜூனில் ஈரான் தேர்தல் சமயம். இதே ஜேசன் ஜோன்ஸ் டெஹ்ரான் போனார். நியூஸ்வீக் நிருபர் மஸியார் பஹாரியை ஒரு காபிக் கடையில் வைத்து, தான் அமெரிக்க உளவாளி மாதிரி வேடம் போட்டுக்கொண்டு, உங்கள் நாடு ஏன் இவ்வளவு கெட்ட நாடு என்கிற ரீதியில் கேட்டார். பஹாரிக்கு இது ஜோக் என்று நன்றாகத் தெரியும், அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் பொதுவானது நிறைய இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். தேர்தல் முடிந்து கலவரம் வெடித்ததும் அவரைப் பிடித்து எவின் சிறையில் 118 நாள் வைத்தார்கள். விசாரணையில் அந்த வீடியோவையே காட்டி, அமெரிக்க உளவாளியோடு உனக்கு என்ன பேச்சு என்று கேட்டார்கள். ஜோன்ஸ் பேட்டி கண்ட முன்னாள் துணை அதிபர் அப்தாஹியும், முன்னாள் வெளியுறவு அமைச்சர் யஸ்தியும்கூடக் கைதானார்கள். அந்தப் பேட்டிதான் கைதுக்குக் காரணம் என்று பஹாரி சொல்லவில்லை, சாக்கு வேண்டியவர்களுக்கு எதுவும் சாக்குதான் என்பது அவர் கட்சி. ஸ்டூவர்ட் பிற்பாடு அவர் கதையைத் திரைப்படமாகவே எடுத்தார். பேட்டி கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் ஜோக் என்று தெரிந்தால் போதாது, மூன்றாவது ஆள் ஒருவன் பார்க்கிறான்.

வேடமிட்டு ஏமாற்றுகிற ரகத்துக்கு வருவோம். இதில் கோஹன்தான் பெரிய கை, ஆனால் முன்னோடி பிரிட்டனின் கிறிஸ் மாரிஸ். 1997-இல் சேனல் 4-இல் வந்த 'பிராஸ் ஐ' நிகழ்ச்சிக்காக 'கேக்' என்று ஒரு போதைப் பொருளைக் கற்பனையாக உருவாக்கி, அதற்கு எதிராகப் பிரசாரம் செய்கிறோம் என்று பிரபலங்களைக் கூப்பிட்டார்கள். பெரிய சைஸ் மஞ்சள் மாத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு எச்சரித்தவர்களில் எம்பி டேவிட் ஏமஸும் ஒருவர். அதோடு விட்டாரா, இல்லாத அந்தப் போதைப் பொருள் பற்றி நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுப்பினார். எழுதிக் கொடுத்ததை விசாரிக்காமல் படித்தார் என்பதுதான் அங்கே செய்தி, போதைப் பொருள் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது இல்லை.

கோஹனின் ஆட்களிலும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். முன்னாள் எம்பி ஜோ வால்ஷ், இஸ்ரேலுக்கு ஆதரவாக இருந்ததற்கு விருது என்று கூப்பிட்டார்கள், டெலிபிராம்ப்டரில் இருந்ததைப் படித்தேன் என்றார். அது பலவீனமான சாக்கு, ஆனால் சாக்காவது இருக்கிறது. ஜார்ஜியா மாநில உறுப்பினர் ஜேசன் ஸ்பென்சர் கால்சட்டையை அவிழ்த்துக் காட்டி, இனவெறி வசவைக் கத்தினார். தீவிரவாதிகள் பற்றிய என் பயத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று சொல்லிப் பார்த்து, முடியாமல் பதவி விலகினார். பழைய செய்தியாளர் டெட் காப்பல் மட்டும் ஏதோ சரியில்லை என்று மோப்பம் பிடித்துப் பேட்டியைப் பாதியில் முடித்துக்கொண்டார். கேள்வி கேட்கிற இடத்தில் வாழ்நாள் பூராவும் உட்காராதவருக்கு அந்த மூக்கு இருக்காது போல.

இப்படி ஏமாற்றிவிட்டு வழக்கு வராதா? வரும். அலபாமாவின் ராய் மூர் கோஹன் மேல் வழக்குப் போட்டு 9.5 கோடி டாலர் கேட்டார். அவருக்கும் விருது ஆசைதான் காட்டப்பட்டது, போன இடத்தில் சிறுவர்களைத் தொந்தரவு செய்பவர்களைக் கண்டுபிடிக்கும் கருவி என்று ஒன்றை நீட்ட, அது அவர் பக்கத்தில் வந்து பீப் அடித்தது. 2021-இல் தள்ளுபடி, 2022-இல் மேல்முறையீடும் தள்ளுபடி. காரணம், அவர் கையெழுத்துப் போட்ட அதே ஒப்பந்தம். நிகழ்ச்சி பற்றியோ அதில் வருபவர்கள் பற்றியோ யாராவது என்னிடம் சொன்னதை நம்பி நான் கையெழுத்துப் போடவில்லை என்று அதில் ஒரு வரி இருக்கும். என்னை ஏமாற்றினார்கள் என்று பின்னால் சொல்ல வழியில்லாமல் அடைக்கிற வரி அது. இத்தனைக்கும் மூர் மாநிலத் தலைமை நீதிபதியாக இருந்தவர்.

எனக்கு இந்த வகைகளிலேயே நம்பிக்கை மிகவும் குறைவாக இருப்பது தெருவில் போகிறவர்களிடம் மைக் நீட்டும் பகுதிகளில்தான், ஆள் எல்லாரும் நிஜம் என்றாலும். ஒபாமாகேர் பிடிக்குமா, அஃபோர்டபிள் கேர் ஆக்ட் பிடிக்குமா என்று 2013-இல் ஜிம்மி கிம்மல் நிகழ்ச்சி கேட்டது, இரண்டும் ஒரே மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். உளறியவர்கள் வந்தார்கள். சரியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர்? அது எடிட்டருக்கு மட்டும் தெரியும். எங்கள் சேனலில் மக்கள் கருத்து எடுத்து வரச் சொன்னால் வருகிறதில் கால்வாசிதான் பயன்படும், மீதி எல்லாம் குப்பை இல்லை, நிதானமாகப் பேசியவை. நிதானம் டிவியில் ஓடாது. டெய்லி ஷோவின் ஜோர்டன் கிளெப்பர் டிரம்ப் கூட்டங்களில் எடுக்கும் துண்டுகளும் இதே ரகம். ஒவ்வொரு பதிலும் நிஜமாகவே இருக்கட்டும், கூட்டத்தின் சராசரி அது என்று எடுத்துக்கொண்டால் தவறு உங்களுடையது. கனடாவின் ரிக் மெர்சர் இதை மேல்மட்டத்தில் செய்தார்: 2000-இல் பிரசாரத்தில் இருந்த ஜார்ஜ் புஷ்ஷிடம், கனடா பிரதமர் ஷான் பூட்டீன் உங்களை ஆதரிக்கிறார் என்றார். அன்றைய பிரதமர் ஷான் கிரெட்டியன், பூட்டீன் என்பது உருளைக்கிழங்கு வறுவல். புஷ் கண் இமைக்காமல் நன்றி சொல்லுகிற தோரணையில் பதில் சொன்னார். அங்கே சராசரிக் கேள்வியே எழவில்லை, ஒரே ஒரு ஆள், அவர் ஜனாதிபதியாகப் போகிறவர்.

'கங்க் ஆன் எர்த்' என்ற பிரிட்டிஷ் கிண்டல் ஆவணத் தொடரைப் பார்த்துவிட்டு, அந்தப் பேராசிரியர்கள் நடிகர்களா என்று கேட்கிறவர்களும் உண்டு. இல்லை, நிஜப் பேராசிரியர்கள்தான். ஜிம் அல் கலீலி மாதிரி பெயர் பெற்ற இயற்பியலாளர்கூட வந்திருக்கிறார். கேள்வி கேட்கிற நடிகை டயான் மார்கன் ஒரு பாத்திரமாக வருகிறார் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும், கேள்விகள்தான் தெரியாது. அதனால் முகத்தில் தெரிகிற அந்தத் தடுமாற்றம் அசல்.

கடைசியாக, இவ்வளவு பேர் கவிழ்ந்த பிறகும் ஏன் போய் உட்காருகிறார்கள் என்பது. 2006-இல் ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசி கோல்பேர் நிகழ்ச்சிக்குப் போகச் சொல்லி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன் என்றார், அடுத்த வருடம் அதே கட்சியின் ராம் இமானுவேல் புது எம்பிக்களிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லி வைத்தார். போனார்கள். நாட்டில் 435 எம்பிக்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேரை சொந்தத் தொகுதிக்கு வெளியே நாய்கூடச் சீந்தாது. ஐந்து நிமிடம் தேசிய டிவி என்றால் கொஞ்சம் அவமானம் பரவாயில்லை. ஜேம்ஸ் ஃபௌலர் என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர் 2008-இல் கணக்குப் பார்த்ததில், கோல்பேரிடம் போய் வந்த ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு அடுத்த சில வாரங்களில் தேர்தல் நன்கொடை உண்மையிலேயே கூடியிருந்தது. குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு அப்படி எதுவும் கூடவில்லை, இருந்தும் அவர்களிலும் சிலர் போய் உட்காரத்தான் செய்தார்கள்.